உங்களுக்குத் தெரியுமா? திருநீற்றுப்பச்சிலை முதல் பெஸ்டோ வரை

வேலியோரம் வளரும் திருநீற்றுப்பச்சிலையைக் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறோம். அதன் விதையைச் சப்ஜா என்று சர்பத்தில் போட்டுக் குடிக்கிறோம். சூப்பர் மார்க்கெட்டில் 'பேசில்' என்று சின்னப் பெட்டியில் விற்பதும் இதே செடியின் இலைதான். இத்தாலியிலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் அது அன்றாடச் சாப்பாட்டில் இருக்கிறது. நம் வீட்டில் மட்டும் வாசலோடு நின்றுவிட்டது. அதை அடுப்படிக்கும் அழைத்துவர உதவும் தகவல்கள் இவை.

செடியும் வாசமும்

● திருநீற்றுப்பச்சிலையின் தாவரவியல் பெயர் ஓசிமம் பேசிலிகம். 1753-இல் லின்னேயஸ் சூட்டிய பெயர். புதினா, கற்பூரவள்ளி, மரு ஆகியவை இதன் சொந்தங்கள். இளந்தண்டை விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருக்கும். இந்தக் குடும்பத்துச் செடிகளைக் கண்டுபிடிக்க அது ஓர் எளிய அடையாளம்.

● துளசியும் ஓசிமம்தான், ஆனால் வேறு இனம்: ஓசிமம் டெனுயிஃப்ளோரம். பேசில் இலை பெரும்பாலும் வழவழப்பாக, பளபளப்பாக இருக்கும். துளசியின் இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமம் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் சமையலின் ருசியே மாறிவிடும்.

● இலையைக் கசக்கினால்தான் வாசம் வரும். காரணம், எண்ணெய் இருப்பது இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இலையின் அடிப்பக்கத்தில் பளிச்சென்ற புள்ளிகளாகத் தெரியும். விரல் பட்டாலே சில உடையும். உரலில் இட்டால் எல்லாம் உடையும்.

● ஒரே இனம், ஆனால் வகைக்கு ஒரு வாசம். இத்தாலிய வகையில் லினலூலும் யூஜெனாலும் தூக்கலாக இருக்கும். கிராம்புக்கு வாசம் தருவதும் யூஜெனால்தான். தாய்லாந்து வகையில் எஸ்ட்ரகோல் அதிகம், அதனால் சோம்பு வாசம் அடிக்கும். எலுமிச்சை வாசமுள்ள வகையில் இருப்பது சிட்ரால், லெமன்கிராஸில் உள்ள அதே பொருள்.

● கருஞ்சிவப்பு இலை கொண்ட 'டார்க் ஓப்பல்' வகை அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1962-இல் அந்நாட்டின் விதை விருதைப் பெற்றது. நாவல் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் நிறமிகளே இதற்கும் நிறம் தருகின்றன. இலையை வினிகரில் ஊறவைத்தால் வினிகர் இளஞ்சிவப்பாக மாறும்.

ஜெனோவாவின் உரல்

● பெஸ்டோவின் ஊர் இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள ஜெனோவா. அதில் சேர்வது ஏழே பொருள்கள்: பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, கல்லுப்பு, பார்மிஜானோ, பெக்கோரினோ என்ற இரண்டு பாலாடைக்கட்டிகள், ஆலிவ் எண்ணெய். செய்முறை 1860-களிலேயே ஜெனோவா சமையல் நூலில் அச்சாகிவிட்டது.

● பெஸ்டோ அரைப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. பளிங்கு உரலில் முதலில் பூண்டையும் பைன் கொட்டையையும் மரக் குழவியால் மசிப்பார்கள். பிறகு கல்லுப்பைத் தூவி, இலைகளைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்ப்பார்கள். அந்தக் கட்டத்தில் ஓங்கி இடிக்க மாட்டார்கள். குழவியை உரலின் சுவரோடு அழுத்தி ஒரு பக்கமாகச் சுழற்றுவார்கள், இன்னொரு கை உரலை எதிர்ப்பக்கம் திருப்பும். கல்லுப்பின் முனைகள் இலையைக் கிழிக்கும். பளிச்சென்ற பச்சைச் சாறு கசிந்ததும் துருவிய பாலாடைக்கட்டி. கடைசியில் நூல்போல ஒழுகும் ஆலிவ் எண்ணெய்.

● மிக்ஸியில் அரைத்தால் பெஸ்டோ கறுத்துப்போகிறதா? ஜாரையும் பிளேடையும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, தொடர்ந்து ஓடவிடாமல் விட்டுவிட்டு அரையுங்கள். பிளேடின் சூடும் உள்ளே அடிபடும் காற்றும்தான் இலையின் நிறத்தைக் கெடுக்கின்றன.

● ஜெனோவா பேசிலுக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் என்ற தகுதி கிடைத்தது. நம் ஊர் புவிசார் குறியீடு போன்றது அது. லிகூரியா பகுதியில் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். ஜெனோவா நகரின் பிரா பகுதி இதற்குப் பேர்போனது. செடி சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். இளம் இலை மென்மையாக இருக்கும், காரமான புதினா வாடை ஏறியிருக்காது.

● 2007 முதல் ஜெனோவாவில் உலகப் பெஸ்டோ போட்டி நடக்கிறது. 100 போட்டியாளர்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருள்களை வைத்து அரைப்பார்கள். மிக்ஸிக்கு அங்கே இடமில்லை.

● ஜெனோவாவில் பெஸ்டோவோடு பாஸ்தா மட்டும் வராது. உருளைக்கிழங்குத் துண்டும் பீன்ஸும் பாஸ்தா வேகும் அதே தண்ணீரில் வெந்து சேர்ந்துகொள்ளும். பெஸ்டோவை ஒருபோதும் அடுப்பில் ஏற்றுவதில்லை. பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீர் ஓரிரு கரண்டி விட்டுத் தளர்த்தி, சூடான பாஸ்தாவில் பிசறுவார்கள்.

● எல்லைக்கு அப்பால் பிரான்சின் ப்ரோவான்ஸில் இதன் பங்காளி இருக்கிறது: பிஸ்டு. பேசில், பூண்டு, ஆலிவ் எண்ணெய் போதும், கொட்டை சேர்ப்பதில்லை. கோடைக் காய்களும் பீன்ஸ் விதைகளும் சேர்த்துக் காய்ச்சிய சூப்பில், இறக்கியபின் ஒரு கரண்டி பிஸ்டுவைக் கலப்பார்கள்.

● நேபிள்ஸின் மார்கரீட்டா பீட்சாவில் தக்காளி, மொஸரெல்லா, பேசில் மூன்றும் இத்தாலியக் கொடியின் நிறங்கள். 1889-இல் ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபேலே எஸ்போசிட்டோ என்பவர் செய்தார் என்று கதை சொல்வார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அதை முழுதாக ஏற்பதில்லை. இதே மூன்று பொருள்களை அடுப்பே இல்லாமல் அடுக்கினால் அது கேப்ரி தீவின் பெயர் தாங்கிய கப்ரேஸே சாலட்.

கிழக்கே போனால்

● தாய்லாந்துச் சமையலில் மூன்று 'துளசிகள்' உண்டு. ஹோரபா, சோம்பு வாசம்: பச்சை நிறக் குழம்பில் போடுவார்கள். மேங்லக், எலுமிச்சை வாசம்: சூப்புக்கும் மீனுக்கும். மூன்றாவது கப்ராவ், நாம் மாடத்தில் வைத்திருக்கும் அதே துளசி இனம்.

● பேங்காக்கின் தெருக்கடைகளில் எந்நேரமும் கிடைப்பது 'பட் கப்ராவ்'. பூண்டையும் மிளகாயையும் இடித்துச் சூடான எண்ணெயில் போட்டு, கொத்துக்கறியை வதக்கி, மீன் சாஸ் ஊற்றி, இறக்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி துளசி இலையைப் போட்டுப் புரட்டுவார்கள். சோற்றின் மேல் அதை வைத்து, ஓரம் முறுகப் பொரித்த முட்டையைப் போர்த்துவார்கள். கறிக்குப் பதில் காளானோ டோஃபுவோ வைத்துச் செய்தாலும் துளசியின் காரம் குறையாது.

● தைவானின் 'மூன்று கோப்பைக் கோழி'யில் நல்லெண்ணெய், சோயா சாஸ், அரிசி மது மூன்றும் சேரும். மண்சட்டியை இறக்கும்முன் பேசிலை அள்ளிப் போட்டு மூடுவார்கள். பேசில் இல்லையென்றால் அங்கே அதை அந்தப் பெயரில் ஏற்க மாட்டார்கள்.

● வியட்நாமின் ஃபோ சூப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சிலைகளும் முளைகட்டிய பயறும் வைப்பார்கள். பேசிலைச் சாப்பிடுபவரே கிள்ளிக் கொதிக்கும் சூப்பில் போட்டுக்கொள்வார். இந்தோனேசியாவில் 'கெமாங்கி' என்ற எலுமிச்சை வாச வகையைப் பச்சையாகவே சம்பலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.

● ஈரானியர் வீட்டுச் சாப்பாட்டில் 'சப்ஜி கோர்தான்' என்ற கீரைத்தட்டு நடுவில் இருக்கும். பேசில், புதினா, முள்ளங்கி, வெங்காயத்தாள் எல்லாம் சமைக்காமல் அப்படியே வைப்பார்கள். ரொட்டியில் பாலாடைக்கட்டியோடு சுருட்டிச் சாப்பிடுவார்கள்.

● நைஜீரியாவில் கறிக்கும் மிளகு சூப்புக்கும் போடும் வாசனை இலை ஓசிமம் கிராட்டிசிமம். யொருபா மக்கள் இதை 'எஃபிரின்' என்கிறார்கள். எத்தியோப்பியாவின் பெர்பெரே மசாலாப் பொடியிலும் ஓர் ஓசிமம் உலர்த்திச் சேர்கிறது.

● லிஸ்பனில் ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழாவின்போது சின்ன இலைப் பேசில் தொட்டிகளைக் காகிதப் பூவும் நாலு வரிக் கவிதையும் செருகி விற்பார்கள். மூக்கை நேரே செடியில் வைக்கக் கூடாது, கையால் தடவிக் கையை முகர வேண்டும் என்பது அங்கே வழக்கம். கிரேக்க மரபுக் கிறித்தவத் தேவாலயங்களில் பேசில் கொத்தைத் தோய்த்துத்தான் புனித நீர் தெளிக்கிறார்கள்.

சப்ஜா என்னும் கருப்பு மணி

● ஒரு டீஸ்பூன் சப்ஜாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு உற்றுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் நீலம் கலந்த வெண்மையில் ஓர் உறை கிளம்பும். கால் மணி நேரத்தில் அது முழுதாக உப்பி, நடுவில் மட்டும் கருப்புப் பொட்டு தெரியும். போட்டவுடன் ஒரு தரம் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் விதைகள் ஒட்டிக்கொண்டு கட்டி தட்டும். அந்த உறை விதைத்தோலில் இருக்கும் நார்ச்சத்து. தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வது அதன் குணம்.

● சப்ஜாவும் சியாவும் ஒன்றல்ல. சப்ஜா கரிக்கருப்பு, ஊறினால் சீக்கிரம் உப்பும். சியா சாம்பலும் வெள்ளையும் கலந்து புள்ளிபுள்ளியாக இருக்கும், உப்புவதும் மெதுவாகத்தான். சியா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. இரண்டும் புதினாக் குடும்பம் என்பது மட்டும்தான் உறவு.

● சப்ஜாவுக்குத் தனி ருசி கிடையாது. அதனால்தான் நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், பலூடா என்று எதில் போட்டாலும் ஒத்துப்போகிறது. மலேசியாவில் இதை 'செலாசே' என்று பானங்களில் சேர்க்கிறார்கள். இலங்கையில் பலூடாவில் மிதக்கும் 'கசகசா' இதுதான். நம் ஊர் குருமாவில் அரைக்கும் கசகசா வேறு, அது கசகசாச் செடியின் வெள்ளை விதை. கடையில் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

● ஊறவைக்காத சப்ஜாவை வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கும், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் கொடுப்பதைத் தவிர்ப்பதே நல்லது.

● சப்ஜா வயிறு நிறைந்த உணர்வைத் தரும், மலச்சிக்கலுக்கு உதவும், ஆனால் தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லதென்று கேட்டுவிட்டு, இனிப்பு சர்பத்தில் போட்டுக் குடித்தால் பலனில்லை. மோரிலும், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுக் குடியுங்கள்.

உடம்புக்கு என்ன தருகிறது?

● அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி 100 கிராம் பச்சைப் பேசிலில் 23 கலோரிதான். கால்சியம் 177 மி.கி., இரும்பு சுமார் 3 மி.கி., வைட்டமின் சி 18 மி.கி. இதில் வியப்பளிப்பது வைட்டமின் கே: சுமார் 415 மைக்ரோகிராம். இரத்தம் உறையவும் எலும்பு வலுவாக இருக்கவும் இது தேவை.

● நாம் யாரும் ஒரு வேளைக்கு 100 கிராம் பேசில் சாப்பிடப் போவதில்லை. 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நல்ல கைப்பிடி. அதிலேயே 80 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் கே கிடைத்துவிடும். அமெரிக்கப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்குப் பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 போதும். ஆனால் இரும்பும் கால்சியமும் அந்தக் கைப்பிடியில் கொஞ்சம்தான். அவற்றுக்கு முருங்கைக்கீரையும் கேழ்வரகும்தான் துணை.

● வைட்டமின் கே-யும், வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டீனும் கொழுப்பில் கரைபவை. இலையை எண்ணெயோடும் கொட்டையோடும் அரைத்துச் சாப்பிடும்போது உடம்பு அவற்றை நன்றாக எடுத்துக்கொள்ளும். துவையலில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைவதிலும் அதே பலன் இருக்கிறது.

● வாசம் தூக்கலான இலை சேர்த்தால் உப்பைக் குறைத்தாலும் ருசி குறைவாகத் தெரியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். அன்றாடம் கைகொடுக்கும் பயன் இது.

● பேசிலில் ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்கள் உண்டு. ஆய்வகச் சோதனைகளில் இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. சோதனைக் குழாயில் நடப்பது உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. எந்த நோய்க்கும் இதை மருந்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவனம் தேவை

● வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று பேசிலைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். சாப்பிடும் அளவைச் சீராக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

● பேசில் எண்ணெய்ப் புட்டி கடையில் கிடைக்கும். அதைக் குடிக்கக் கூடாது. இலையில் துளியளவு இருக்கும் எஸ்ட்ரகோல் எண்ணெயில் மிக அதிகமாக இருக்கும். ஆய்வக விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியது. இலையாகச் சாப்பிடுவது வேறு, வடித்த எண்ணெயைக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு.

● பெஸ்டோவையோ, பூண்டும் பேசிலும் ஊறவைத்த எண்ணெயையோ ஊறுகாய்போல வெளியில் வைக்காதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றுப் புகாது. அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரும். நிறமோ வாடையோ மாறாமலும் நச்சு இருக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள், அல்லது உறையவையுங்கள்.

● பூக்கடைப் பச்சிலையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கென்று வளர்க்காத செடியில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். நர்சரியில் வாங்கிய செடியானால் பழைய இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, புதிதாகத் துளிர்த்ததைப் பறியுங்கள்.

அடுக்களைக் குறிப்புகள்

● பேசிலை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கறுத்துவிடும். இது வெப்பமண்டலச் செடி, சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் இலையின் செல்கள் சிதைகின்றன. தண்டின் நுனியை வெட்டி, தண்ணீர் டம்ளரில் நிறுத்தி, வெயில் படாத மேடையில் வையுங்கள்.

● வெட்டிய இடம் கறுப்பதற்குக் கத்தியின் இரும்பு காரணமில்லை. இலைக்குள் இருக்கும் நொதி காற்றோடு சேர்வதுதான் காரணம். கத்தரிக்காய் கறுப்பதும் அப்படித்தான். மொட்டைக் கத்தி இலையை நசுக்கி இதை விரைவாக்கும். கூரான கத்தியால் ஒரே இழுப்பில் நறுக்குங்கள், அல்லது கையால் கிள்ளிப் போடுங்கள்.

● பெஸ்டோ பச்சை மாறாமல் இருக்க, இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். அந்த நொதி அடங்கிவிடும். வாசம் சற்றுக் குறையும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

● பைன் கொட்டைக்குப் பதில் இமயமலையின் கின்னௌர் பகுதியில் விளையும் சில்கோசாவைப் போடலாம். விலை கட்டுப்படியாகாவிட்டால் முந்திரியோ வறுத்த நிலக்கடலையோ போதும். நிறைய அரைத்துவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

● கொதிக்கக் கொதிக்க வாசம் ஆவியோடு போய்விடும். ரசத்துக்குக் கொத்தமல்லி போடுவதுபோல, அடுப்பை அணைத்த பிறகுதான் பேசிலைப் போட வேண்டும். உலர்ந்த பேசில் பொடி மட்டும் இதற்கு நேரெதிர்: அதைத் தக்காளி சாஸில் முன்னதாகவே போட்டுக் கொதிக்கவிட்டால்தான் ருசி இறங்கும்.

தொட்டியில் வளர்க்க

● நான்கைந்து அங்குலத் தண்டை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சப்ஜாவையே விதையாகவும் தூவிப் பார்க்கலாம்.

● பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுங்கள். பூத்துவிட்டால் புது இலை குறைந்து, இருக்கும் இலையும் கசக்கும். கணுவுக்கு மேலே நுனியைக் கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். ஒரு செடியை மட்டும் பூக்க விட்டுவிடுங்கள்: தேனீ வரும், விதையும் கிடைக்கும்.

● இலையின் மேல்பக்கம் மஞ்சள் பட்டை, அடிப்பக்கம் சாம்பல் தூள் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். 2003-இல் இத்தாலிக்கும் 2007-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கும் பரவி விவசாயிகளைத் திணறடித்தது. தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள், காலையிலேயே ஊற்றுங்கள், செடிகளுக்கு நடுவே காற்றோட்டம் விடுங்கள்.

● கடைசியாக, எந்தச் சமையலுக்கு எந்த இலை என்று குழப்பம் வேண்டாம். உங்கள் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கழுவி மென்று பாருங்கள். கிராம்பு வாசம் வந்தால் தக்காளித் தொக்கு, தயிர்ப் பச்சடி, பாஸ்தாவுக்கு. சோம்பு வாசம் வந்தால் தேங்காய்ப்பால் குழம்புக்கும் கோழிக்கும். எலுமிச்சை வாசம் வந்தால் மீனுக்கும் சர்பத்துக்கும். முதல் தடவை நாலைந்து இலை போதும். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு தொட்டி வையுங்கள்.